குண்டு உருள எடுத்துக்கொண்ட நேரம்

“மூணு புள்ளி நாலு அண்ணா. அஞ்சாவது தடவையும் அதேதான் வருது.”

ரிஸ்வானா ஸ்டாப் வாட்சை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். மே மாத வெயில். இயற்பியல் ஆய்வகத்தின் இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொன்று சுற்றுவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தது. மேசை மேல் ஏழடி நீள மரப்பலகை, ஒரு முனைக்கு அடியில் கட்டை வைத்துச் சாய்வாக நின்றது. அதன் கீழ்முனையில் நான் சுருட்டி வைத்திருந்த பழைய துணியில் இரும்புக் குண்டு வந்து விழுந்து கிடந்தது.

ரிஸ்வானா எங்கள் பள்ளியிலேயே பத்தாவது படித்து முடித்தவள். பிளஸ் ஒன்னில் ஃபர்ஸ்ட் குரூப் கேட்டிருந்தாள். கேட்டவர்கள் நாற்பத்திரண்டு பேர். அவர்களை வடிகட்டுவதற்கென்று எங்கள் நிர்வாகம் தானாகவே ஒரு செய்முறைத் தேர்வை ஏற்படுத்தி வைத்திருந்தது. குண்டைப் பலகையில் உருட்ட வேண்டும். இரண்டு மீட்டர் உருள எத்தனை வினாடி ஆகிறது என்று அளக்க வேண்டும். அதை வைத்துப் புவியீர்ப்பின் அளவைக் கணக்குப் போட வேண்டும். 9.8 வந்தால் கணக்கும் இயற்பியலும் படிக்கலாம். வராவிட்டால் காமர்ஸ்.

9.8 வர வேண்டுமென்றால் குண்டு 2.86 வினாடியில் கீழே இறங்கியாக வேண்டும். இவளுக்கோ அரை வினாடி அதிகமாக வந்துகொண்டே இருந்தது.

“அண்ணா, பலகை ஓரத்துல யாரோ பென்சில்ல 2.86ன்னு எழுதி வெச்சிருக்காங்க. தப்பு தப்பா எழுதியிருக்காங்க. அழிச்சிடவா?”

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பவுச்சிலிருந்து வாசனை ரப்பரை எடுத்துத் தேய்த்தாள். துகளை ஊதிவிட்டாள். பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகளின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன்.

அந்த எண்ணை அங்கே எழுதியவன் நான்தான்.

ஜாலியான வேலை

அமிலம் தெறித்து என் பேன்ட்டில் ஓட்டை விழுந்த கதையைப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அடையாறு வாசகர் ஒருவர், ‘உங்கள் வேலை ரொம்ப ஜாலியானது போலிருக்கிறதே’ என்று கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட மாட்டேன். இந்த வாரம் எழுதப்போவதைப் படித்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள்.

ஆய்வக உதவியாளன் என்றால் சோதனைக் குழாய் கழுவுகிறவன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. இருபத்தெட்டு வருடம் கழுவியிருக்கிறேன். ஆனால் என்னை வேலைக்கு வைத்திருந்தது அதற்காக மட்டும் இல்லை. மேற்கு மாம்பலத்தில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பள்ளியில் எந்தப் பிள்ளை எந்தச் சோதனை செய்தாலும் புத்தகத்தில் இருக்கிற விடைதான் வர வேண்டும். அதற்கு நான்தான் பொறுப்பு.

எப்படி என்று கேட்பீர்கள். ரொம்பச் சுலபம். ஒவ்வொரு கருவியின் ஓரத்திலும், மேசைக்கு அடியிலும், பெட்டி மூடிக்கு உள்பக்கத்திலும் வர வேண்டிய அளவைப் பென்சிலால் சின்னதாக எழுதி வைத்திருப்பேன். பிள்ளைகள் அதைப் பார்த்து, கொஞ்சம் கூட்டிக் குறைத்து நான்கைந்து அளவுகளாக எழுதிக்கொள்வார்கள். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவைக் கண்டுபிடிக்கிற இந்த வித்தைக்கு பேக் கால்குலேஷன் என்று பெயர். படித்தவர்கள் வைத்த பெயர்தான். சோதனை என்பது பிறகு ஒரு சம்பிரதாயம். கல்யாண வீட்டில் அரசாணிக்கால் நடுகிற மாதிரி, கருவியை மேசையில் வைப்போம்.

சிரிப்பாக இருக்கிறதா? இன்னும் கேளுங்கள்.

உடைந்த லென்ஸ்

ஒரு வருடம் எங்கள் குவிலென்ஸ் கை தவறி உடைந்துவிட்டது. அதன் குவியத் தூரம் இருபது சென்டிமீட்டர். அவசரத்துக்கு நான் வேறொரு லென்ஸை வாங்கி வந்து பெட்டியில் வைத்தேன். அது பதினைந்து சென்டிமீட்டர் லென்ஸ் என்று எனக்குத் தெரியாது. பெட்டி மூடியில் 20 என்று இருந்ததை மாற்றவும் இல்லை.

அந்த லென்ஸ் பெட்டியில் நான்கு வருடம் இருந்தது. நான்கு வருடத்தில் எத்தனை பிள்ளைகள் அந்தச் சோதனையைச் செய்திருப்பார்கள்! ஒரு பிள்ளைக்குக்கூடப் பதினைந்து வரவில்லை. அத்தனை பேருக்கும் இருபதுதான். 19.8, 20.1, 20.0. வெளியிலிருந்து வந்த தேர்வாளர்கள் அத்தனை பேரும் பச்சை மையில் ‘நன்று’ போட்டுவிட்டுப் போனார்கள். ஐந்தாவது வருடம் ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, எதிர்ச் சுவரில் வேப்பமரம் தலைகீழாகத் தெளிந்து விழுந்த தூரத்தைப் பார்த்து நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

ஸ்டாஃப் ரூமில் போய்ச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது எனக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் இன்றைக்கு என் கோபம்.

பலகை செய்த கதை

குண்டும் பலகையும் என் கையால் ஆனவை. தேர்வுக்கு இப்படி ஒரு சோதனை வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் இயற்பியல் ஆசிரியர் முரளி சார். செய்தவன் நான். சைதாப்பேட்டையில், என் வீட்டுக்குப் பக்கத்து மரக்கடையில் வளையாத தேக்குப் பலகையாகப் பார்த்து எடுத்தேன். குண்டு ஓரத்தில் விழாமல் இருக்க இரண்டு பக்கமும் மெல்லிய சட்டம் அடித்தேன். புதுப்பேட்டைக்குப் போய், பழைய லாரி பேரிங்கிலிருந்து கழற்றிய இரும்புக் குண்டு ஒன்றை வாங்கி வந்து, கிரீஸ் போக மண்ணெண்ணெயில் ஊற வைத்தேன். அது பளபளவென்று ஆனபோது எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

முதல் தடவை உருட்டிப் பார்த்ததும் நான்தான். மூன்று புள்ளி நான்கு வினாடி. முரளி சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“சார், மூணு புள்ளி நாலு வருது சார்.”

அவர் நோட்டில் ஏதோ கணக்குப் போட்டார். “2.86 வரணும் குமரேசா. உன் கை ஸ்லோ. பட்டனை லேட்டா அமுக்குற.”

“இல்ல சார், நல்லாத்தான் அமுக்கறேன். நீங்க ஒரு வாட்டி உருட்டிப் பாருங்களேன்.”

“எனக்கு கிளாஸ் இருக்குப்பா. பலகையில 2.86ன்னு எழுதி வெச்சிடு. பசங்க குழம்பிடுவாங்க.”

நான் பிளஸ் டூவோடு நின்றவன். அவர் எம்.எஸ்சி. என் கைதான் மெதுவாக இருக்கும் என்று நம்பிவிட்டேன். மேசை முனையில் உட்கார்ந்து வெறும் பட்டனை அழுத்தி அழுத்திப் பயிற்சிகூட எடுத்தேன். கொல்லென்று சிரிக்கலாம், தப்பில்லை. நான்கு நாள் பயிற்சிக்குப் பிறகும் குண்டு மூன்று புள்ளி நான்கில்தான் வந்தது. பென்சிலை எடுத்து 2.86 என்று எழுதினேன்.

“கிராவிட்டி கம்மியா?”

தேர்வு நாளுக்கு வருகிறேன்.

ரிஸ்வானா எண்ணை அழித்துவிட்டுப் போனதும் அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் திண்டாடிப் போனார்கள். ஒரு பையன் பலகையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். ஒரு பெண் என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள். நான் குனிந்து துணியைச் சரிசெய்கிற சாக்கில் முணுமுணுத்தேன். “ரெண்டு புள்ளி எம்பத்தாறு.” காட்டுத்தீ மாதிரி வரிசையில் பரவியது.

ரிஸ்வானா மூலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டு முடித்து, தாளை முரளி சாரிடம் நீட்டினாள். விடை 6.99.

முரளி சார் தாளைத் தூக்கிப் பிடித்தார். எல்லோருக்கும் கேட்கிற குரலில், “என்னம்மா, உங்க வீட்டுப் பக்கம் மட்டும் கிராவிட்டி கம்மியா?” என்றார்.

அறை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை.

“சார், பத்து தடவை உருட்டிட்டேன். நீங்களே ஒரு தடவை உருட்டிப் பாருங்க சார்.”

“நான் உருட்டணுமா? எனக்கே டெஸ்ட்டா?”

“இல்ல சார். லேப் அண்ணா பக்கத்துலயேதான் இருந்தாங்க. அவங்களைக் கேளுங்க.”

பிள்ளைகளுக்கு நான் லேப் அண்ணா. முரளி சார் என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். மின்சார ரயில் ஒன்று தடதடவென்று போனது. அது போய் முடியும்வரை யாரும் பேச முடியவில்லை. போன பிறகும் நான் பேசவில்லை.

அவள் சொல்லித்தான் எண் அழிக்கப்பட்டதே அவருக்குத் தெரிந்தது. அதைப் பெரிய குற்றமாக அவள் நினைக்காததால் தானாகவே சொன்னாள். “அதுல இருந்த நம்பர் தப்பா இருந்துச்சு சார், அழிச்சிட்டேன்.” அவ்வளவுதான். பள்ளிச் சொத்தை நாசம் செய்துவிட்டாள் என்று ஒரே கூச்சல். இருபதுக்கு நான்கு மதிப்பெண் போட்டார். நாலு எதற்கு? தாளில் பெயர் எழுதியதற்காக இருக்கும்.

மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். நாற்பத்தொரு பேர் ஃபர்ஸ்ட் குரூப். ஒருத்தி காமர்ஸ்.

ஏழடிப் பலகையும் மாடிப்படியும்

அன்று பத்தரை மணிக்கு ஸ்டாக் பதிவேட்டில் கையெழுத்து வாங்கத் தாளாளர் அறைக்குப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே ரிஸ்வானாவும் அவள் அம்மா ஜரினாவும் நின்றிருந்தார்கள். ஜரினா தி.நகரில் ஒரு பிளவுஸ் கடையில் ஆரி எம்ப்ராய்டரி போடுகிறவர். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். விரலில் ஊசி குத்திய இடத்துக்குச் சுற்றிய பிளாஸ்திரியைக்கூடக் கழற்றவில்லை.

“சார், எம் பொண்ணு கணக்குல நூத்துக்கு நூறு சார். பொய் சொல்ற பொண்ணு இல்ல. இன்னொரு வாட்டி டெஸ்ட்டு வெச்சுப் பாருங்க சார்.”

எங்கள் தாளாளர் தெற்குப் பக்கத்துக்காரர். தி.நகரில் அவர் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை இருக்கிறது. அவ்வளவு கெட்ட மனிதரில்லை. ஆனால் அன்று பேசினார் பாருங்கள்.

“இங்க பாருங்கம்மா. பிள்ளைக்குச் செய்முறையில கவனம் பத்தாது. காமர்ஸ் எடுத்தா என்ன குறைஞ்சு போச்சு? நீங்க துணியில வேலை பாக்கிறவங்க. நாளைக்கு ஒரு கடை கண்ணின்னு வச்சா, புள்ளைக்குக் கணக்கு வழக்குப் பாக்க உதவும்லா?”

ஜரினா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஒரு பிள்ளை பத்து தடவை குனிந்து நிமிர்ந்து அளந்திருக்கிறாள். அவளுக்குக் கவனம் பத்தாதாம். குண்டைத் தொடாமலே எழுதிய நாற்பத்தொரு பேருக்குக் கவனம் வழிகிறதாம். அம்மா துணியில் வேலை பார்த்தால் பெண் கல்லாவில் உட்கார வேண்டும் என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது?

விடுவிடுவென்று கீழே போனேன். பலகையைத் தோளில் தூக்கினேன். குண்டையும் கட்டையையும் பேன்ட் பையில் திணித்தேன். ஏழடிப் பலகையோடு எங்கள் பள்ளி மாடிப்படியில் திரும்புவது லேசான காரியமில்லை. முதல் வளைவில் பின் முனை போய், சென்ற வருடம் சாதித்தவர்களின் படம் போட்ட பிளக்ஸ் பேனரைக் கிழித்தது. அதற்கு மேல் என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று ஆகிவிட்டது.

“என்னவே இது?” என்றார் தாளாளர்.

“பலகை சார்.”

“அது தெரியுது. எதுக்கு இங்க?”

“இந்தப் பொண்ணுக்கு நாலு மார்க்கு வாங்கிக் குடுத்தது இதான் சார். உங்க போன்ல டைம் பாருங்க. குண்டை நான் வுடறேன். அப்பால நீங்க இன்னா சொன்னாலும் கேட்டுக்கறேன்.”

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் குண்டைப் பார்த்தால் எந்த மனிதனுக்கும் உருட்டிப் பார்க்கத்தான் தோன்றும் போல. தரையில் பலகையை வைத்தேன். குண்டை விட்டேன். அவர் போனில் பார்த்தார். 3.42. “இன்னொரு தடவை விடுவே” என்றார். 3.35. மூன்றாவது தடவை வெள்ளை வேட்டியோடு தரையில் மண்டியிட்டு, கோட்டில் கண்ணை வைத்துக்கொண்டு பார்த்தார். 3.38.

“பிள்ளை சொன்னது சரியாத்தான இருக்கு?” என்றார். அந்த ஒரு நிமிடம் அவர் எனக்குப் பிடித்த மனிதராக இருந்தார். ரிஸ்வானா முதல் முறையாகப் பல் தெரியச் சிரித்தாள்.

முரளி சாரை அழைத்து வரச் சொன்னார்.

அவருக்குத் தெரியும்

முரளி சார் வந்தார். பலகையைப் பார்த்தார். முகம் மாறியது.

“சாரே, குண்டு மூணரை வினாடி எடுக்குதே. நீங்க ரெண்டேமுக்கால்ங்கீங்க?”

“அது வந்து சார்...” அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “குண்டு சறுக்கி வந்தா ஒம்பது புள்ளி எட்டு வரும். இது உருண்டுல்ல வருது? தன்னைத்தானே சுத்திக்கிறதுக்கும் எனர்ஜி போகும். ஏழுல ரெண்டு பங்கு அதுக்கே போயிடும் சார். மீதியை வெச்சுக் கணக்குப் போட்டா ஏழுதான் வரும்.”

“அப்ப பிள்ளைக்கு வந்தது?”

“ஏழு கிட்டத்தட்ட கரெக்ட்தான் சார். ஆனா அது பிளஸ் ஒன் போர்ஷன். டென்த் பசங்களுக்கு எதுக்குக் குழப்பம்னு...”



தெரியாமல் செய்திருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன். தெரியாதவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர், நானும் அதில் ஒருவன். இவருக்குத் தெரியும். பலகை செய்த முதல் நாளே தெரியும். என் கை ஸ்லோ என்று சொன்னபோது தெரியும். ஒரு பெண்ணை நாற்பது பேர் நடுவில் நிற்க வைத்து உங்கள் வீட்டுப் பக்கம் கிராவிட்டி கம்மியா என்று கேட்டபோதும் தெரியும். அந்தப் பெண் எந்தப் பாடமும் படிக்காமல், வெறும் கண்ணையும் கையையும் நம்பி, அடுத்த வருடப் பாடத்தைப் பலகையில் கண்டுபிடித்துக்கொண்டு வந்து நின்றாள். தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்க வேண்டாமா? அவள் தாளில் நாலு போட்டார் அந்த மனிதர்.

“தெரிஞ்சுகினேவா சார் சிரிச்சீங்க?” என்று கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

தாளாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வியாபாரம் செய்கிறவர். அவருக்கு உடனே உறைத்துவிட்டது.

“அப்ப மத்த நாப்பத்தோரு பேருக்கும் எப்படிவே ஒம்பது புள்ளி எட்டு வந்துச்சு?”

ரிஸ்வானாதான் வாயைத் திறந்தாள்.

“எனக்கு முன்னாடி நின்னவங்களுக்குப் பலகையிலேயே எழுதியிருந்துச்சு சார். எனக்குப் பின்னாடி வந்தவங்களுக்கு...”

என்னைப் பார்த்தாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். முந்தின நாள் நான் அவளுக்காகப் பேசாமல் நின்றேன். இன்று அவள் எனக்காகப் பேசாமல் நின்றாள்.

மன்னிப்புக் கடிதம்

நியாயம் கிடைத்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். தாளாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“பிள்ளைக்கு சீட்டு குடுத்துடுவோம். அதுல மாத்தமில்ல. ஆனா பாருங்க, பட்டியல் ஒட்டியாச்சு. இவ எழுதினது சரின்னு போட்டா, நாப்பத்தோரு பிள்ளையும் களவாணின்னு ஆயிடும். அத்தனை அப்பன் ஆத்தாவுக்கும் நான் பதில் சொல்ல முடியுமா? அதனால புதுத் தாள்ல ரெண்டு புள்ளி எம்பத்தாறுன்னு எழுதிக் குடுத்துடட்டும். பழைய தாளைக் கிழிச்சிடுவோம்.”

“கூடவே ஒரு அப்பாலஜி லெட்டர் சார்” என்றார் முரளி சார். கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது அவருக்கு. “லேப் பொருள்ல இருந்த குறியீட்டை அழிச்சிருக்கா. அதை அப்படியே விட்டா மத்தவங்களும் ஆரம்பிச்சிடுவாங்க.”

நம் பள்ளிக்கூடங்களுக்கு மன்னிப்புக் கடிதம் என்றால் அப்படி ஒரு ஆசை. லேட்டாக வந்தால் கடிதம். சிரித்தால் கடிதம். எங்கள் அலுவலக பீரோவில் ஒரு தட்டு முழுக்க அதுதான் இருந்தது. பெற்றோர் கையெழுத்து, சாட்சிக் கையெழுத்தோடு. ஒரு ஆசிரியரோ, ஒரு நிர்வாகியோ ஒரு பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த கடிதம் அதில் ஒன்றாவது உண்டா என்றால், இல்லை.

“சார்,” என்றாள் ரிஸ்வானா. “நான் மன்னிப்புக் கேக்கறது அழிச்சதுக்கா, அளந்ததுக்கா?”

“ரெண்டுக்கும் சேத்து எழுதும்மா” என்றார் தாளாளர். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவசரத்தில் இருந்தார்.

அவள் பேனாவை எடுக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஜரினா அவள் முதுகில் கை வைத்தார்.

“எழுதிடு கண்ணு. ஒரு தாள்தான. சீட்டு போச்சுன்னா இன்னா பண்றது? எழுதிடு.”

“நான் எதுவும் தப்பா எழுதலம்மா.”

“தெரியும்மா. அம்மாக்குத் தெரியாதா? எழுதிடு.”

எழுதினாள். முரளி சார் சொல்லச் சொல்ல எழுதினாள். ‘ஆய்வகத்தில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டதற்கும், கவனக்குறைவாக அளவெடுத்ததற்கும் வருந்துகிறேன்.’ பிறகு புதுத் தாள். ஐந்து அளவுக்கும் 2.86, 2.86 என்று வரிசையாக எழுதிக்கொண்டு போனாள். முரளி சார் தடுத்தார்.

“அப்படி ஒரே மாதிரி எழுதாதம்மா. 2.85, 2.87ன்னு மாத்தி மாத்திப் போடு. அப்பதான் நெஜமா அளந்த மாதிரி இருக்கும்.”

இதைச் சொன்னபோது அவர் குரலில் கனிவு இருந்தது. ஒரு நல்ல ஆசிரியர் பாடம் சொல்லிக்கொடுக்கிற அதே கனிவு. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவரை அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. கடிதத்தை என் பக்கம் தள்ளினார்கள், சாட்சிக் கையெழுத்துக்கு. போட்டேன். இருபத்தெட்டு வருட வேலை, இன்னும் கட்டி முடியாத வீடு, எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டுதான் போட்டேன். அதைச் சொல்லி யாரிடமும் அனுதாபம் கேட்கப்போவதில்லை.

அறைக்கு வெளியே ஜரினா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். “உங்களாலதாண்ணே சீட்டு கெடச்சுது. நல்லா இருப்பீங்க.” ரிஸ்வானா நன்றி சொல்லவில்லை. பலகையின் முன் முனையைப் பிடித்து, மாடிப்படியில் எனக்கு உதவியாக இறங்கி வந்தாள். கிழிந்த பேனரில் மறுபடி இடிக்காமல் வளைவில் ஒழுங்காகத் திருப்பினாள். கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மதியம் ஸ்டோரிலிருந்து ஒரு பர்மனன்ட் மார்க்கர் வந்தது. இனி அழிக்க முடியாதபடி எழுதச் சொல்லி முரளி சார் கொடுத்தனுப்பியது. எழுதினேன்.

ஊசல்

சில மாதம் கழித்து, மழைக்காலத்தில், பிளஸ் ஒன் மாணவர்களின் முதல் செய்முறை வகுப்பு. தனி ஊசல் சோதனை. நூலில் ஒரு சின்ன உலோகக் குண்டைக் கட்டி ஆடவிட்டு, இருபது தடவை ஆட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்க வேண்டும். ரிஸ்வானாவும் வந்திருந்தாள். இரட்டைச் சடை போட்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். பக்கத்துப் பெண்ணிடம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்காகவே நான் அன்று காலை சீக்கிரம் வந்திருந்தேன். இருக்கிற நூலிலேயே முறுக்கில்லாததாகத் தேர்ந்தெடுத்து, ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் கட்டி, ஜன்னலைச் சாத்திக் காற்று வராமல் செய்து வைத்திருந்தேன். இந்தச் சோதனையில் ஏமாற்று கிடையாது. நிஜமாக அளந்தாலே புத்தகத்தில் இருக்கிற விடை வந்துவிடும். இதை அவள் அளக்க வேண்டும், 9.8 அவள் கையாலேயே வர வேண்டும், அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும் என்று ஆசை.

அவள் நேராக என்னிடம் வந்தாள். நோட்டைத் திறந்து, அட்டவணைக் கோடுகளைப் போட்டு முடித்திருந்தாள்.

“ஒரு மீட்டருக்கு எவ்ளோ வரணும் அண்ணா?”

“ஆட்டிப் பாரும்மா. இதுல கரெக்டா வரும். நான் பாத்துட்டேன்.”

“வேணாம் அண்ணா. நம்பர் மட்டும் சொல்லுங்க.”

“நீ அளந்தாலே வரும் ரிஸ்வானா. இதுல எந்தக் கோளாறும் கெடயாது. ஒரு வாட்டி ஆட்டிப் பாரேன்.”

கெஞ்சித்தான் பார்த்தேன். அவள் கோபப்படவில்லை. பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னாள்.

“அளந்து வேற மாதிரி வந்துட்டா மறுபடியும் அம்மா லீவு போட்டுட்டு வரணும் அண்ணா. சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

நாற்பது புள்ளி ஒன்று என்றேன். அவள் 40.0, 40.2, 40.1 என்று மாற்றி மாற்றி, அழகாக எழுதினாள். நான் கட்டி வைத்த ஊசலை அன்று முழுக்க அவள் தொடவே இல்லை.